தக்காளி இலைக்கருகல் பூஞ்சை: ஸ்போர் முளைப்பை ஆய்வகத்தில் எண்ணும் முறை

பயிர் நோயியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிறேன். பூஞ்சையின் வித்தான ஸ்போரை, பூஞ்சைக்கொல்லி மருந்து முளைக்கவிடாமல் தடுக்கிறதா என்று பார்ப்பதுதான் ஸ்போர் முளைப்புச் சோதனை. அது தொடங்கும் வாரத்தில் யாராவது ஒருவர் மலர்ந்த முகத்தோடு ஓடி வருவார். "மேடம், மருந்து பிரமாதமா வேலை செய்யுது. ஒரு ஸ்போர்கூட முளைக்கல!"

"வெறும் தண்ணிச் சொட்டுல எத்தனை முளைச்சிருக்கு?" என்று கேட்பேன்.

திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள். அங்கேயும் ஒன்றும் முளைத்திருக்காது. மருந்து படாத ஸ்போரே முளைக்காதபோது மருந்தைப் பற்றி அந்தச் சோதனை ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். அதனால் இந்தக் குறிப்பு முழுவதிலும் மருந்துச் சொட்டைவிடத் தண்ணீர்ச் சொட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். அது சரியாக அமைந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

பழகுவதற்கு நான் கொடுப்பது தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் முன்பருவ இலைக்கருகலை உண்டாக்கும் ஆல்டர்நேரியா சொலானி. 1882-இலேயே விவரிக்கப்பட்ட பழைய பூஞ்சை. தக்காளியில் இருப்பது தனி இனம் என்று 2000-இல் பூஞ்சையியலாளர் சிம்மன்ஸ் பிரித்துப் பெயரிட்டார்; இன்று அதை ஆல்டர்நேரியா லினாரியே என்கிறார்கள். நம் வேலைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். பழகுபவருக்கு இது நல்ல துணை. ஸ்போர் பெரியது: வாலோடு சேர்த்து 150 முதல் 300 மைக்ரான் வரை நீளம், அகலமான இடத்தில் 15 முதல் 19 மைக்ரான். பழுப்பு நிறமாக இருப்பதால் சாயம் இல்லாமலே 10 மடங்கு லென்ஸில் தெரியும். முளைப்பதிலும் வேகம். 28–30 டிகிரி செல்சியஸில், தண்ணீர் பட்ட முக்கால் மணி நேரத்துக்குள், ஸ்போரிலிருந்து கிளம்பும் மெல்லிய இழையான முளைக்குழல் எட்டிப் பார்க்கும். காலையில் தொடங்கினால் மாலைக்குள் கையில் எண்ணிக்கை இருக்கும்.

நோயுள்ள இலையைத் தேடும்போது செடியின் அடியில் இருக்கும் முதிர்ந்த இலைகளைப் பாருங்கள். வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் விளிம்பு. நடுவில் பொத்துப்போன, முழுவதும் காய்ந்து நொறுங்கும் புள்ளிகளை விட்டுவிடுங்கள். அவற்றில் நமக்கு வேண்டிய பூஞ்சையைவிட, செத்த திசுவைத் தின்ன வந்த விருந்தாளிகள்தான் அதிகம் இருக்கும்.

பறித்துவந்த இலையிலிருந்து நேரடியாக ஸ்போரைச் சுரண்டுகிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. அந்தப் புள்ளியில் நேற்று உருவானதும் இருக்கும், பத்து நாள் வெயிலில் கிடந்ததும் இருக்கும். வயது கலந்த கூட்டத்தில் முளைப்பு விகிதம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். எல்லாம் ஒரே நாளில் பிறந்த ஸ்போராக வேண்டும். அதற்கு, புள்ளியை ஓடும் தண்ணீரில் மென்மையான தூரிகையால் கழுவிப் பழையதை நீக்குங்கள். வடிதாளில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். பெட்ரித் தட்டில் ஈர வடிதாளை விரித்து, அதன்மேல் இரண்டு கண்ணாடிக் குச்சிகளை வைத்து, இலைத் துண்டை அவற்றின்மேல் கிடத்துங்கள். இலை தண்ணீரைத் தொடக்கூடாது. தாளை அழுத்தினால் விரலில் ஈரம் ஒட்ட வேண்டும், தட்டைச் சாய்த்தால் தண்ணீர் ஓடக்கூடாது. அதுதான் அளவு. ஈரம் கூடினால் பாக்டீரியா வழவழப்பு வந்து எல்லாம் கெட்டுப்போகும்.

தட்டை 22–25 டிகிரியில் ஒரு பகல் வெளிச்சத்திலும் ஓர் இரவு இருட்டிலும் வையுங்கள். இந்தப் பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும். ஸ்போரைத் தாங்கும் காம்பு வெளிச்சத்தில் வளரும். அதன் நுனியில் ஸ்போர் இருட்டில் உருவாகும். விளக்கை அணைக்க மறந்துவிட்டு, "காம்பு மட்டும்தான் நிக்குது, மேல ஒன்னும் இல்ல" என்று சொன்னவர்கள் பலர்.

மறுநாள் காலை, ஸ்போரை எடுக்கும் முன் தட்டைத் திறந்து ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழே பாருங்கள். இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஆல்டர்நேரியா சொலானி ஒரு காம்புக்கு ஒன்றாக, நீண்ட வாலோடு தனித்தனியே நிற்கும். அதே புள்ளியில் அடிக்கடி குடியேறும் இன்னொன்று ஆல்டர்நேரியா ஆல்டர்நேட்டா. அதன் ஸ்போர் சிறியது, குட்டை மூக்குள்ளது, மணி கோத்த சரம்போல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். சரம் தெரிந்தால் அந்தப் புள்ளியை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பாருங்கள். சின்ன ஸ்போரையும் பெரிய ஸ்போரையும் சேர்த்து எண்ணினால் வரும் சதவீதம் எந்தப் பூஞ்சைக்கும் சொந்தமில்லாதது.

இனித் தண்ணீர். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் மூன்று வாரம் என் கண்ட்ரோல் சொட்டுகளில், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மருந்தில்லாத தண்ணீர்ச் சொட்டுகளில், முளைப்பு பாதியைத் தாண்டவே இல்லை. இலையை மாற்றினேன், இன்குபேட்டரை மாற்றினேன், ஸ்லைடுகளையெல்லாம் புதிதாக வாங்கினேன். கடைசியில் ஒரு நாள், கண்ணாடி வடிகலனில் இரண்டு முறை வடித்த தண்ணீரைப் பக்கத்து அறையிலிருந்து கடன் வாங்கிச் சோதித்தேன். பத்துக்கு ஒன்பது முளைத்து நின்றது. எங்கள் வடிகலனின் குழாய் செம்பு. தண்ணீரில் கரைந்துவந்த கண்ணுக்குத் தெரியாத செம்பே பூஞ்சைக்கொல்லியாக வேலை செய்திருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பிரான்சில் பெனடிக்ட் பிரேவோ என்பவர் கோதுமைக் கரிப்பூட்டை நோயின் ஸ்போர்களைத் தண்ணீரில் முளைக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, செம்புப் பாத்திரத்தோடு தொடர்புபட்ட தண்ணீரில் அவை முளைக்காமல் நின்றதைக் கவனித்து 1807-இல் எழுதிவைத்தார். செம்பைப் பயிர்நோய்க்கு மருந்தாக நினைக்கவைத்த தொடக்கக் கவனிப்புகளில் அதுவும் ஒன்று. இருநூறு வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிவைத்ததை நான் மூன்று வாரம் செலவழித்துத் திரும்பக் கற்றேன். அன்றிலிருந்து எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, "இங்கே தண்ணீர் எதில் வடிக்கிறீர்கள்?" குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அதில் குளோரின் இருக்கும்.

தண்ணீரை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்) 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். 100 மில்லிக்கு 0.01 மில்லி ட்வீன்-20 (சோப்புபோல் வேலை செய்யும் திரவம்) சேருங்கள். இந்த ஸ்போரின் மேற்பரப்பில் தண்ணீர் எளிதில் ஒட்டாது. ட்வீன் இல்லாவிட்டால் எல்லாம் மேலே மிதந்து விளிம்பில் அப்பிக்கொள்ளும்.

புள்ளியின்மேல் இந்தத் தண்ணீரில் 2 மில்லி விட்டு, தூரிகையால் மெல்ல வருடி, இரண்டு மடிப்பு மஸ்லின் துணி வழியாக ஒரு சோதனைக் குழாய்க்குள் வடிகட்டுங்கள். இலைத் துணுக்கும் காம்பும் துணியில் நிற்கும், ஸ்போர் கீழே வரும். தண்ணீர் பட்ட நிமிடத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், ஏனென்றால் ஸ்போரின் கடிகாரம் அப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. இந்தப் பூஞ்சை வேகமானது. நீங்கள் மருந்துக் கரைசல் தயாரித்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் குழாய்க்குள்ளேயே முளைக்கத் தொடங்கிவிடும். ஆகவே மருந்துக் கரைசல், ஸ்லைடு, ஈரத் தட்டு எல்லாவற்றையும் முன்பே தயாராக அடுக்கிவைத்த பிறகே ஸ்போரை நனையுங்கள். நனைத்த பின் குழாயைப் பனிக்கட்டியில் செருகி வைத்தால் கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும்.

எண்ணிக்கைக்கு எல்லோரும் ஹீமோசைட்டோமீட்டரை (செல்களை எண்ணுவதற்கான கட்டம் போட்ட கண்ணாடி ஸ்லைடு) தேடுவார்கள். அதன் அறையின் ஆழம் 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான். நம் ஸ்போரின் நீளம் 200 மைக்ரான். அது படுத்துத்தான் உள்ளே போக வேண்டும். வாயிலிலேயே சிக்கி நிற்பதும் உண்டு. இந்தப் பூஞ்சைக்கு நான் நம்புவது சொட்டு எண்ணிக்கையைத்தான். 10 மைக்ரோலிட்டர் சொட்டை ஸ்லைடில் வைத்து அதிலுள்ள ஸ்போர் முழுவதையும் எண்ணி 100-ஆல் பெருக்குங்கள். ஒரு மில்லிக்கு எத்தனை என்று கிடைக்கும். ஐந்து சொட்டின் சராசரி எடுங்கள். நமக்கு வேண்டியது மில்லிக்கு 10,000 அளவில். 10 மைக்ரோலிட்டரில் 240 இருந்தால் மில்லிக்கு 24,000. 1 மில்லிக் கலவையோடு 1.4 மில்லித் தண்ணீர் சேர்த்தால் சரியாகிவிடும். நெருக்கம் கூடினால் ஒன்றின் முளைக்குழல் இன்னொன்றின்மேல் படர்ந்து எது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் போகும். தவிர, கூட்டமாக இருக்கும்போது முளைப்பைத் தாங்களே தடுத்துக்கொள்ளும் பூஞ்சைகளும் பல உண்டு.

இரண்டு சின்ன விஷயம். இந்த ஸ்போர் கனமானது, நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு சொட்டுக்கு முன்பும் குழாயைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். மைக்ரோபிப்பெட் முனையில் 2 மில்லிமீட்டர் வெட்டிவிடுங்கள், துளை குறுகலாக இருந்தால் வால் உடையும்.

மருந்தைச் சோதிப்பதானால், மருந்துக் கரைசலும் ஸ்போர்க் கலவையும் சம அளவு கலக்கும்போது இரண்டுமே பாதியாகும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். கடைசியில் 100 பிபிஎம் (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) வேண்டுமானால் 200 பிபிஎம் தயாரியுங்கள். ஸ்போரையும் மில்லிக்கு 20,000 வைத்துக்கொள்ளுங்கள். மேன்கோசெப் 75 சதவீத நனையும் தூள் கையில் இருந்தால், 200 மில்லிகிராம் மருந்துக்கு 267 மில்லிகிராம் தூளை எடுத்து ஒரு லிட்டரில் கலக்க வேண்டும். கண்ட்ரோலுக்கும் அதே போல: ஸ்போர்க் கலவை பாதி, மருந்தில்லாத தண்ணீர் பாதி. மருந்தைக் கரைக்க அசிட்டோன் பயன்படுத்தியிருந்தால் அதே அளவு அசிட்டோன் கலந்த தண்ணீரில் இன்னொரு கண்ட்ரோலும் வேண்டும்.

ஸ்லைடை ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்து, 20 மைக்ரோலிட்டர் சொட்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் குறைந்தது மூன்று ஸ்லைடு. ஈர வடிதாள் விரித்த தட்டில் கண்ணாடிக் குச்சிமேல் ஸ்லைடை வைத்து மூடி, 25 டிகிரியில் இருட்டில் விடுங்கள். கவர் ஸ்லிப் போடாதீர்கள். முளைக்கும் ஸ்போர் மூச்சு விடுகிறது. கவர் ஸ்லிப்புக்குக் கீழே பிராணவாயு தீர்ந்துபோனால், விளிம்பை ஒட்டியவை மட்டும் முளைத்து நடுவில் உள்ளவை அப்படியே கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் அது அழகான வட்டமாகத் தெரியும், எண்ணிக்கைக்குத்தான் பயன்படாது.

எத்தனை மணி நேரம் என்பதை என்னைக் கேட்காதீர்கள், உங்கள் ஸ்போரைக் கேளுங்கள். முதல் முறை தண்ணீர்ச் சொட்டுகளை மட்டும் வைத்து 1, 2, 4, 6 மணி நேரத்தில் ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்துப் பாருங்கள். முளைப்பு ஏறி ஏறி ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். அந்த நேரமே உங்கள் சோதனைக்கு உரிய நேரம். பெரும்பாலும் 4 மணி நேரத்துக்கும் 6 மணி நேரத்துக்கும் நடுவில் அமையும். மறுநாள் காலைவரை விட்டால் பூஞ்சை இழைகள் பின்னிப் பாயாகிவிடும்.

நேரம் வந்ததும் ஒவ்வொரு சொட்டிலும் லாக்டோபீனால் காட்டன் புளூ ஒரு துளி விடுங்கள். அது அந்த நொடியிலேயே வளர்ச்சியை நிறுத்தி, முளைக்குழலுக்கு நீலமும் ஏற்றும். இப்போது கவர் ஸ்லிப் போடலாம். எண்ணி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனாலும் முதல் ஸ்லைடும் கடைசி ஸ்லைடும் ஒரே வயதில் நிற்கும். பீனால் தோலைப் பொசுக்கும். கையுறை இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள்.

எண்ணும் இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "முளைத்தது" என்றால் என்ன? நான் வைத்திருக்கும் விதி: முளைக்குழலின் நீளம் ஸ்போரின் அகலத்தைவிட அதிகமாக இருந்தால் முளைத்தது. லேசாகப் புடைத்து நிற்பது முளைக்காததில் சேரும். வேறு விதி வைத்துக்கொள்பவர்களும் உண்டு, தவறில்லை. ஆனால் எண்ணத் தொடங்கும் முன் அதை எழுதிவைத்துவிட வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது.

ஆல்டர்நேரியாவில் இன்னொரு சிக்கல், அந்த நீண்ட வால். புதியவர்கள் பாதிப் பேர் அதையே முளைக்குழல் என்று எண்ணிவிடுவார்கள். நூற்றுக்கு நூறு முளைத்ததாகக் கணக்கு வரும். வால் ஸ்போரின் ஒரு முனையிலிருந்து சரிந்து சரிந்து மெலிந்து போகும், அதன் தொடக்கம் ஸ்போரின் நிறத்தோடு கலந்தே இருக்கும். முளைக்குழல் பெரும்பாலும் ஏதாவது ஓர் அறையின் பக்கச் சுவரிலிருந்து குறுக்கே கிளம்பும், தொடக்கம் முதல் நுனிவரை ஒரே பருமனாக, நிறமில்லாமல் இருக்கும். சாயம் போட்டால் நன்றாக நீலம் பிடிக்கும். வாலிலிருந்தேகூடச் சில முளைக்கும், அப்போது நுனியில் திடீரென்று ஒரு வளைவோ பருமன் மாற்றமோ தெரியும். இதைக் கண்ணுக்குப் பழக்க ஒரே வழி, ஸ்போரை நனைத்த உடனே ஒரு சொட்டில் சாயம் விட்டுப் பூஜ்ய மணி ஸ்லைடு ஒன்று செய்துவைப்பது. அதில் நீங்கள் பார்ப்பதெல்லாம் வால்தான். அரை மணி நேரம் அதைப் பார்த்த பிறகு மற்ற ஸ்லைடுக்கு வாருங்கள். அந்தப் பூஜ்ய ஸ்லைடிலேயே முளைத்தவை கணிசமாக இருந்தால், இலையிலேயே முளைத்துவிட்டிருக்கின்றன. அன்றைய கூட்டம் வேண்டாம்.

ஒரே ஸ்போரிலிருந்து ஐந்தாறு குழல் வரலாம். அது ஒன்றுதான், ஐந்தல்ல. உடைந்ததை எண்ணாதீர்கள். ஒரு சொட்டுக்கு 100 ஸ்போர். சொட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நெசவுபோல் போய் வந்து எண்ணுங்கள். நன்றாக முளைத்த இடமாகப் பார்த்து நிற்கக் கண் ஆசைப்படும். இதற்காகவே ஸ்லைடின் பெயரை மறைத்து வேறொருவரை எண் ஒட்டச் சொல்வேன். எது மருந்து, எது தண்ணீர் என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது.

கணக்கு எளிது. தண்ணீரில் முளைத்ததிலிருந்து மருந்தில் முளைத்ததைக் கழித்து, தண்ணீரில் முளைத்ததால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். தண்ணீரில் 92, மருந்தில் 23 என்றால் தடுப்பு 75 சதவீதம். தண்ணீரில் 80-க்குக் கீழே இறங்கினால் அந்த நாளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, மறுபடி செய்வேன். மாணவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். எனக்கும்தான். ஆனால் வலுவில்லாத கூட்டத்தில் மருந்து எப்போதும் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். அந்த எண்ணை நம்பி ஒருவர் வயலில் தெளிப்பார்.

இந்தச் சோதனை எல்லா மருந்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேன்கோசெப், குளோரோதலோனில் போன்றவை முளைப்பையே தடுப்பவை. இங்கே தெளிவாகத் தெரியும். டிபெனகோனசோல், டெபுகோனசோல் போன்ற டிரையசோல் மருந்துகள், பூஞ்சையின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிரால் என்ற ஸ்டிராலின் தயாரிப்பைத் தடுப்பவை. ஸ்போருக்குள் தொடக்கத்துக்கு வேண்டிய ஸ்டிரால் ஏற்கெனவே சேமிப்பில் இருப்பதால், அது கவலையில்லாமல் முளைக்கும்; பிறகே குழல் வீங்கிக் கோணலாகி நிற்கும். முளைப்பை மட்டும் எண்ணினால் "மருந்து வேலை செய்யவில்லை" என்று தவறாக எழுதிவிடுவீர்கள். அவற்றுக்குக் குழலின் நீளத்தை அளக்க வேண்டும், அல்லது அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். அசாக்ஸிஸ்ட்ரோபின் வகை முளைப்பை நன்றாகத் தடுக்கும், ஏனெனில் அது ஸ்போரின் சுவாசத்தில் கைவைக்கிறது. ஆனால் பூஞ்சைக்குச் சுவாசத்தில் ஒரு மாற்று வழி உண்டு. அதை அடைக்கச் சாலிசில்ஹைட்ராக்சாமிக் அமிலம் சேர்த்துச் சோதிப்பது வழக்கம். கண்ட்ரோலிலும் அதே அளவு சேர்க்க மறக்காதீர்கள்.

சுத்தம் செய்வதில் அவசரம் வேண்டாம். ஆல்டர்நேரியா ஸ்போர் ஆஸ்துமாவைத் தூண்டும், ஆகவே காய்ந்த தட்டைத் திறக்கும்போது முகக்கவசம் போடுங்கள். இலை, வடிதாள், மீந்த கலவை எல்லாம் ஆட்டோகிளேவுக்குப் போக வேண்டும். எதுவும் குப்பைத்தொட்டிக்கோ தோட்டத்துக்கோ போகக் கூடாது. பீனால் கலந்த கழிவைத் தனிப் புட்டியில் சேருங்கள், பிளீச்சிங் கரைசலோடு கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் நச்சான குளோரோபீனால்கள் உருவாகும். உங்கள் பகுதியில் இல்லாத நோயின் பூஞ்சையை, அல்லது தனிமைப்படுத்தல் பட்டியலில் உள்ளதை, இந்த முறையில் முயலவே வேண்டாம். அதற்கு அனுமதியும் தனி அறையும் உள்ள இடங்கள் இருக்கின்றன.

மருந்து பட்ட ஸ்லைடுகளைத் திரும்பப் பயன்படுத்துவதானால் அவற்றைத் தனியாகக் கழுவி, தனியாக வையுங்கள். கண்ணாடியில் ஒட்டிய மிச்சம் அடுத்த வாரத் தண்ணீர்ச் சொட்டில் வந்து நிற்கும். எங்கள் அலமாரியின் மேல்தட்டில் ஒரு நீல டப்பா இருக்கிறது. மூடியில் "தண்ணீர் மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த ஸ்லைடுகளில் இதுவரை ஒரு துளி மருந்துகூடப் பட்டதில்லை.